பெரியப்பாவுக்கு என்ன கோபம்?

ராஜாவுக்குப் பல்வலி!

நமக்கு வந்தால் ஒரு கிராம்பைக் கடித்துக்கொண்டு டாக்டரிடம் ஓடுவோம். இந்த ராஜா வாழ்ந்தது சுமார் 3,200 ஆண்டுகளுக்கு முன்பு, வட சீனாவில். ஷாங் வம்சத்து மன்னர். பெயர் வூ டிங். பல் பிடுங்கிக்கொண்டது. அவர் என்ன செய்தார் தெரியுமா? ஆமை ஓட்டைக் கொண்டுவரச் சொன்னார்.

ஆமையின் வயிற்றுப்பக்க ஓடு. தட்டையாக, பலகை மாதிரி இருக்கும். அதன் உட்புறத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகளைக் குடைந்து தயாராக வைத்திருப்பார்கள். குழியில் நெருப்பால் சூடு வைத்தால், மறுபுறத்தில் பட்டென்று விரிசல் விடும். நெட்டுக்குத்தாக ஒரு கோடு, பக்கவாட்டில் ஒரு சின்னக் கிளை. (குறி பார்ப்பதற்கான சீன எழுத்து இன்றைக்கும் அச்சு அசல் அந்த விரிசல் வடிவம்தான்!) அந்த விரிசல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துப் பலன் சொல்வார்கள். பல சமயம் மன்னரே சொல்வார்.

கேள்வி என்ன? 'பல்வலி தீருமா?' என்பதல்ல. 'இந்தப் பல்வலியைக் கொடுத்தது யார்?' என்பதுதான். சந்தேகப் பட்டியலில் நான்கு பேர். நான்கு பேருமே செத்துப்போனவர்கள்! வூ டிங்கின் அப்பா, அப்பாவுடைய அண்ணன்மார் மூன்று பேர். ஷாங் வம்சத்தில் அண்ணனுக்குப் பிறகு தம்பி என்று சிம்மாசனம் கைமாறுவது சகஜம். நான்கு சகோதரர்களும் அடுத்தடுத்து ஆண்டு முடித்த பிறகே வூ டிங்குக்குப் பட்டம் கிடைத்தது. நான்கு பேரையுமே அவர் 'அப்பா' என்றுதான் குறிப்பிடுகிறார். பெரியப்பா என்று சொல்லிப் பழகிய நமக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

மூத்தவரா காரணம்? அவர் இல்லையா? அடுத்தவரா? அவர் இல்லையா? இப்படி ஒவ்வொருவருக்கும் கேள்வி கேட்டு, ஒவ்வொன்றையும் ஓட்டிலேயே செதுக்கி வைத்தார்கள். 'ஆம்' என்று ஒருமுறை, 'இல்லை' என்று ஒருமுறை, எதிரெதிர்ப் பக்கங்களில். பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு இதைப் பார்த்ததும் லெட்ஜர்தான் ஞாபகம் வந்தது. இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு!

பல்வலி மட்டுமா? மழை பெய்யுமா, தினை விளையுமா, ராத்திரி கண்ட கனவு கெட்டதா, பக்கத்து நாட்டுக்காரன் படையெடுத்து வருவானா, எல்லாவற்றுக்கும் ஆமை ஓடு. அல்லது மாட்டின் தோள்பட்டை எலும்பு. அவர்களுக்கு வாரத்துக்குப் பத்து நாள். ஒவ்வொரு வாரக் கடைசியிலும் 'வருகிற பத்து நாளில் ஆபத்து ஏதும் இல்லையே?' என்று தவறாமல் ஒரு கேள்வி உண்டு.

வூ டிங்கின் மனைவியரில் ஒருவர் ஃபூ ஹாவ். படை நடத்திப் போருக்குப் போன வீராங்கனை. அவர் பிரசவத்துக்கும் குறி கேட்டிருக்கிறார்கள். இன்னின்ன நாளில் பிறந்தால் நல்லது என்று ராஜா பலன் சொல்கிறார். 31 நாள் கழித்து, ராஜா சொல்லாத ஒரு நாளில் குழந்தை பிறந்தது. நல்லபடியாக நடக்கவில்லை என்றும், காரணமாகப் பிறந்தது பெண் என்றும் பொறித்து வைத்திருக்கிறார்கள். படை நடத்திய பெண்ணின் வீட்டிலேயே இந்தக் கதை!

சரி, ஒரு ராஜாவின் பல்வலி வரைக்கும் நமக்கு எப்படித் தெரியவந்தது? அது ஒரு தனிக்கதை.

1899. பீக்கிங்கில் வாங் யிரோங் என்று ஒரு பெரிய அறிஞர். அரசாங்கத்தின் உயர் கல்விக்கூடத்துக்குத் தலைவர். அவருக்கு மலேரியாக் காய்ச்சல். வைத்தியர் எழுதிக் கொடுத்த மருந்தில் 'டிராகன் எலும்பு' என்று ஓர் அயிட்டம். மருந்துக்கடையிலிருந்து வாங்கி வந்த எலும்பை இடிப்பதற்குமுன் எதேச்சையாகத் திருப்பிப் பார்க்கிறார். அதில் எழுத்து! யாருமே படித்திராத, ஆதிகாலத்து எழுத்து! மறுநாளே ஆளை அனுப்பி, கடையிலிருந்த எலும்பு மொத்தத்தையும் வாங்கிவிடுகிறார்.

கேட்க ஜோராக இருக்கிறது, இல்லையா? உலகம் முழுக்கப் புத்தகங்களில் இப்படித்தான் எழுதியிருக்கிறது. சிக்கல் என்னவென்றால், இந்த மருந்துக்கடைக் கதை முதலில் அச்சேறியது 1931ல்! வாங் யிரோங் இறந்து முப்பது வருடம் கழித்து. எழுத்து பொறித்த எலும்புகளைப் பழம்பொருள் வியாபாரிகள்தான் அவரிடம் கொண்டுவந்து விற்றார்கள் என்பதே ஆராய்ச்சியாளர்கள் பலரின் கருத்து. காய்ச்சலும் கஷாயமும் பிற்பாடு ஒட்டிக்கொண்டவை. இந்த விஷயத்தைக் கொஞ்சம் மனதில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அவர் எலும்பு சேர்த்தது உண்மை. மேற்கொண்டு ஆராயத்தான் நேரம் கிடைக்கவில்லை. அடுத்த வருடமே எட்டு நாட்டுப் படைகள் பீக்கிங்குக்குள் நுழைந்தன. நகரைக் காக்கும் பொறுப்பிலிருந்த வாங் யிரோங், தோல்வி நிச்சயம் என்றானதும் விஷம் குடித்துவிட்டுக் கிணற்றில் குதித்தார். அவருடைய எலும்புகளை வாங்கி 1903ல் புத்தகம் போட்ட நண்பர் லியூ ஏ, நாடு கடத்தப்பட்டு 1909ல் சின்ஜியாங்கில் இறந்தார். 1917ல் வாங் குவோவெய் என்ற அறிஞர் இந்த எலும்புகளை வைத்து ஒரு மகா காரியம் செய்தார். (அவரும் 1927ல் பீக்கிங் கோடை மாளிகை ஏரியில் மூழ்கித் தற்கொலை செய்துகொண்டார். 'எலும்பின் சாபம்' என்று யாராவது கிளப்பிவிடாமல் இருந்தால் சரி!)

அந்த மகா காரியம் இதுதான். கி.மு. 100 வாக்கில் சுமா சியான் என்பவர் சீனாவின் சரித்திரத்தை ஆதியிலிருந்து எழுதினார். அதில் ஷாங் வம்சத்தின் சுமார் 30 மன்னர்களை வரிசையாகப் பட்டியல் போட்டிருக்கிறார். அவர் எழுதும்போது அந்த வம்சம் அழிந்து சுமார் ஆயிரம் வருடம் ஆகியிருந்தது. 'இதெல்லாம் கட்டுக்கதை. ஷாங் என்று ஒரு வம்சமே இருந்திருக்காது' என்று நினைத்தவர்கள் 20ம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட இருந்தார்கள். வாங் குவோவெய் எலும்புகளில் பூஜை பெறும் முன்னோர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கினார். அடுக்கிவிட்டு, சுமா சியானின் பட்டியலைப் பக்கத்தில் வைத்தார்.

டாலி ஆகிவிட்டது! ஒன்றிரண்டு இடத்தில் வரிசை முன்பின்னாக இருந்தது, அவ்வளவுதான். ஆயிரம் வருட இடைவெளிக்கு அது ஒரு தப்பா?

1928ல் ஹேனான் மாகாணத்து ஆன்யாங் நகருக்குப் பக்கத்தில், எலும்புகள் கிடைத்த சியாவ்துன் கிராமத்திலேயே அகழாய்வு தொடங்கியது. ஷாங் வம்சத்தின் கடைசித் தலைநகரமே கிடைத்தது. 1936ல் ஒரே குழியில் 17,000க்கும் மேற்பட்ட துண்டுகள். கதையாக இருந்த ஷாங், சரித்திரமாகிவிட்டது.

அப்படியானால் சுமா சியான் சொன்ன மற்றதெல்லாம்? அவர் ஷாங் வம்சத்திலிருந்தா ஆரம்பிக்கிறார்? அதற்கும் ஆயிரம் வருடத்துக்கும் மேல் முன்னே, மஞ்சள் சக்ரவர்த்தி ஹுவாங்தியிலிருந்து அல்லவா ஆரம்பிக்கிறார்! ஹுவாங்தி காலத்தில்தான் எழுத்து பிறந்ததாம். அதைக் கண்டுபிடித்த அவருடைய அமைச்சருக்கு நான்கு கண். பட்டுப்பூச்சி வளர்க்கக் கற்றுக்கொடுத்தது ஹுவாங்தியின் மனைவி. அந்தப் பரம்பரையில் வந்த உத்தமர்கள்தான் யாவ், ஷுன் ஆகிய சக்ரவர்த்திகள்.

யாவுக்குப் பிள்ளை உண்டு. ஆனால் உருப்படாத பிள்ளை. நாட்டை அவனிடம் கொடுக்க மனமில்லாமல் தகுதியான ஆளைத் தேடுகிறார். எல்லோரும் ஷுன்னைக் கைகாட்டுகிறார்கள். பார்வையில்லாத அப்பா, மாற்றாந்தாய், அவளுடைய மகன் என்று மூன்று பேருமே ஷுன்னைத் தீர்த்துக்கட்டத் துடிக்கிறார்கள். ஆனாலும் அவர்களிடம் அன்பு மாறாத பிள்ளை. யாவ் தன் இரண்டு பெண்களையும் அவருக்கே கட்டிக்கொடுத்து, இவன் எப்படிக் குடும்பம் நடத்துகிறான் என்று பார்க்கிறார். (மாப்பிள்ளை பார்க்க இப்படியும் ஒரு வழி!)

அப்பா ஒருநாள் களஞ்சியத்துக் கூரையைச் சரிபண்ணச் சொல்கிறார். ஷுன் ஏறியதும் கீழே தீ வைத்துவிடுகிறார். ஷுன் இரண்டு மூங்கில் தொப்பிகளைச் சிறகு மாதிரி விரித்துப் பிடித்துக்கொண்டு குதித்துத் தப்புகிறார். பிறகு கிணறு தோண்டச் சொல்கிறார்கள். உள்ளே இறங்கியதும் மேலேயிருந்து மண்ணைத் தள்ளி மூடிவிடுகிறார்கள். ஷுன் முன்னெச்சரிக்கையாகப் பக்கவாட்டில் ஒரு சுரங்கம் தோண்டி வைத்திருந்தார்! தம்பிக்காரன் இது தெரியாமல் சொத்தைப் பங்கு போடுகிறான். 'ஆடு மாடும் களஞ்சியமும் உங்களுக்கு. அண்ணனின் யாழும் அண்ணிகள் இரண்டு பேரும் எனக்கு' என்று ஷுன்னின் வீட்டுக்கே போய் யாழை மீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஷுன் சாவதானமாக உள்ளே வருகிறார். தம்பி முகம் வெளிறி, 'உன்னை நினைத்துத்தான் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன் அண்ணா' என்கிறான். ஷுன் அதையும் நம்பின மாதிரி தலையாட்டிவிட்டு, பழைய அன்போடு நடந்துகொள்கிறார்.

யாவ் நாட்டை ஷுன்னுக்குக் கொடுத்தார். ஷுன் தன் மகனுக்குக் கொடுக்காமல் யூ என்பவருக்குக் கொடுத்தார். யூ யார்? மாபெரும் வெள்ளத்தை அடக்கியவர். அவருடைய அப்பா அணை கட்டித் தடுக்கப் பார்த்து ஒன்பது வருடம் தோற்றார். யூ கால்வாய் வெட்டி வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டுபோனார். 13 வருடம். மூன்று தடவை சொந்த வீட்டு வாசலைத் தாண்டியும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. அவருக்குப் பிறகு அவருடைய மகன் பட்டத்துக்கு வந்தான். அங்கே ஆரம்பித்தது வாரிசு அரசியல். அதுதான் ஷியா வம்சம், சீனாவின் முதல் வம்சம்.

இதெல்லாம் நடந்ததா?

1923ல் கு ஜியெகாங் என்று ஒரு முப்பது வயது இளைஞர் இந்தக் கேள்வியைப் போட்டு உடைத்தார். அவர் செய்தது எளிமையான வேலை. ஒவ்வொரு மகாராஜாவின் பெயரும் முதன்முதலில் எந்தக் காலத்து நூலில் வருகிறது என்று பார்த்தார். ஆதிநூல்களில் மிகப் பழைய ஆசாமி யூ மட்டும்தான். கன்ஃபூஷியஸ் காலத்தில் யூவுக்கு முன்னால் யாவும் ஷுன்னும் வந்து உட்கார்கிறார்கள். இன்னும் இருநூறு, முந்நூறு வருடம் போனால் அவர்களுக்கும் முன்னால் ஹுவாங்தி. அண்டத்தையே முட்டையாக உடைத்துக்கொண்டு வந்த ஆதிமனிதன் பான்கு இருக்கிறாரே, அவர் எழுத்தில் ஏறுவது கி.பி. 3ம் நூற்றாண்டில்! கதையில் யார் மூத்தவரோ, அவர் எழுத்தில் இளையவர். விறகு அடுக்குகிற மாதிரி, கடைசியில் வந்த கட்டை மேலே உட்கார்ந்துகொண்டது.

மருந்துக்கடைக் கதையை முடிந்து வைத்துக்கொள்ளச் சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? முப்பது வருடத்தில் ஓர் எலும்புக்கே காய்ச்சலும் கஷாயமும் சேர்ந்துவிட்டதென்றால், ஆயிரம் வருடத்தில் ஒரு ராஜாவுக்கு என்னதான் சேராது?

கு ஜியெகாங் ஓரிடத்தில் வசமாக மாட்டிக்கொண்டார். பழைய அகராதி ஒன்றில் 'யூ' என்ற எழுத்துக்குப் புழு, பூச்சி வகை என்று பொருள் போட்டிருந்ததைப் பிடித்துக்கொண்டு, யூ மனிதரே அல்ல என்று எழுதிவிட்டார். பிடித்துக்கொண்டார்கள். எழுத்தாளர் லூ ஷுன் தன் கதையிலேயே வைத்துக் கிண்டலடித்தார். கு அந்த வாதத்தைக் கைவிட்டார். ஆனால் விஷயம் கிண்டலோடு நிற்கவில்லை. அவர் எழுதிய பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகத்துக்கு 1929ல் தடை விழுந்தது. ஒரே முன்னோரின் பிள்ளைகள் என்ற நம்பிக்கையில்தான் சீனர்கள் ஒன்றாக நிற்கிறார்கள், அதில் கை வைக்காதே என்றார் ஆளுங்கட்சியின் பெரிய தலை தாய் ஜிதாவ். அதில் அரசியல் அர்த்தம் இல்லாமல் இல்லை. 1937ல், ஜப்பான் கழுத்தில் கத்தி வைத்திருந்தபோது, ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த தேசியவாதிகளும் கம்யூனிஸ்ட்டுகளும் ஹுவாங்தியின் சமாதியில் ஒரே நாளில் அஞ்சலி செலுத்தினார்கள். கம்யூனிஸ்ட் தரப்பு அஞ்சலியை எழுதியவர் மாவோ!

அதனால்தான் ஷியா வம்சத்தைத் தேடுகிற வேலை இன்னும் நிற்கவில்லை. 1959ல் எர்லிதோவில் ஷாங் வம்சத்துக்கு முற்பட்ட ஒரு பெரிய நகரம் கிடைத்தது. அரண்மனை, வெண்கலம், எல்லாம் உண்டு. 'நாங்கள்தான் ஷியா' என்று சொல்ல ஓர் எழுத்து இல்லை. கி.மு. 1920 வாக்கில் மஞ்சள் ஆற்றில் பிரம்மாண்டமான வெள்ளம் வந்தது என்று 2016ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. உடனே மறுப்புகளும் வந்தன. வெள்ளம் வந்தது என்றே வைத்துக்கொண்டாலும், யூ வந்தாரா என்பது வேறு கேள்வி.

என்னைக் கேட்டால், யாவும் ஷுன்னும் இருந்தார்களா என்பதைவிட, அந்தக் கதையை யார், எதற்காகச் சொன்னார்கள் என்பதுதான் சுவாரசியம். அரியணைக்காக அப்பனைப் பிள்ளையும் பிள்ளையை அப்பனும் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், 'தகுதியானவனுக்கே நாடு' என்று சொல்ல ஒரு முன்னுதாரணம் வேண்டியிருந்தது. அதையும் எல்லோரும் நம்பிவிடவில்லை. கி.பி. 3ம் நூற்றாண்டில் ஒரு சமாதியிலிருந்து கிடைத்த மூங்கில் ஏட்டுச் சரித்திரத்தில், யாவ் நாட்டைக் கொடுக்கவில்லை, ஷுன்தான் அவரைச் சிறையில் போட்டுவிட்டுப் பிடுங்கிக்கொண்டார் என்று இருந்தது!

இப்போது எலும்புகளுக்குத் திரும்புவோம். உத்தமர் கதைகளில் இல்லாத ஒரு சீனா அதில் இருக்கிறது.

ஷாங் மக்களுக்கு 'தி' என்று ஒரு பெரிய கடவுள். மழை, காற்று, விளைச்சல், போரில் வெற்றி எல்லாம் அவர் கையில். ஆனால் அவருக்கு நேரடியாகப் பலி கொடுத்ததாக எலும்புகளில் தெரியவில்லை. ரொம்பப் பெரிய அதிகாரி, நேரில் பார்க்க முடியாது! செத்துப்போன ராஜாக்கள் மூலமாகத்தான் விண்ணப்பம் போகவேண்டும். அந்த முன்னோர்களுக்குப் பசி அடங்கவில்லை. பல்வலி வந்தால் நாய், ஆடு. பெரிய காரியமென்றால் நூற்றுக்கணக்கில் மாடு. அப்புறம், மனிதர்கள்.

யாரை? முக்கியமாக மேற்கே ஆடு மேய்த்த சியாங் என்ற இனத்தவரை. அந்தப் பெயருக்கான எழுத்தே ஆட்டுக்கொம்பு வைத்த ஒரு மனிதனின் உருவம். அவர்களைப் பிடித்துவந்து வெட்டினார்கள். எத்தனை பேரை என்பதற்கும் குறி கேட்டார்கள். பத்து சியாங் போதுமா? இருபதா? முப்பதா? எலும்புகளில் வருகிற பலிகளை ஹூ ஹோஷுவான் என்ற அறிஞர் கூட்டிப் பார்த்தபோது 13,000க்கும் மேல் வந்தது. எண் குறிப்பிடாமல் எழுதப்பட்டவை இந்தக் கணக்கில் சேராது. ஆன்யாங்கின் அரச இடுகாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பலிக்குழிகளைத் தோண்டியிருக்கிறார்கள். பலவற்றில் தலை ஓரிடம், உடல் ஓரிடம். நாம் பார்த்த ஃபூ ஹாவின் சமாதி 1976ல் கொள்ளை போகாமல் அப்படியே கிடைத்தது. துணைக்கு 16 மனிதர்களும் 6 நாய்களும்.

கி.மு. 1046 வாக்கில் மேற்கேயிருந்து வந்த சோவ் இனத்தவர், முயே என்ற இடத்தில் நடந்த போரில் ஷாங் வம்சத்தை முடித்தார்கள். கடைசி ராஜா தி ஷின், தன் மாளிகையில் ஏறித் தீக்குளித்தார். ஜெயித்தவர்களுக்கு ஒரு சங்கடம். எஜமானரைக் கொன்றுவிட்டு எப்படி நியாயம் பேசுவது? புதிதாக ஒரு தத்துவம் சொன்னார்கள். வானம்தான் மேலான சக்தி. ஆளும் உரிமையை அது நல்லவனுக்குக் கொடுக்கும், கெட்டுப்போனால் பிடுங்கிக்கொள்ளும். பிறகு 3,000 வருடம் சீனாவில் நடந்த ஆட்சி மாற்றங்களுக்கெல்லாம் இதுதான் நியாயம்.

ஆகவே தி ஷின் கெட்டவனாக இருந்தே தீரவேண்டும். குளம் நிறைய மது, மரம் மரமாக மாமிசத்தைத் தொங்கவிட்டு நிர்வாணக் கும்மாளம், நியாயம் சொன்ன சித்தப்பாவின் இதயத்தை அறுத்துப் பார்த்தது என்று பட்டியல் நீண்டது. நம் கு ஜியெகாங் இதையும் விடவில்லை. எழுபது குற்றங்களை எடுத்து, எது எந்த நூற்றாண்டில் சேர்ந்தது என்று 1924ல் வரிசைப்படுத்தினார். ஆரம்பத்தில் குடி, பெண் பேச்சைக் கேட்டது, முன்னோர் பூஜையைக் கைவிட்டது என்று நாலைந்துதான். மதுக்குளமெல்லாம் பல நூறு வருடம் கழித்து வெட்டியது! அந்த பூஜைக் குற்றச்சாட்டும் பொய். தி ஷின் காலத்து எலும்புகளைப் பார்த்தால், மனிதர் முன்னோர் ஒருவரையும் விடாமல், வருடம் பூராவும் முறை வைத்துப் படையல் போட்டிருக்கிறார். மனித பலிகூட அந்தக் கடைசிக் காலத்தில் வெகுவாகக் குறைந்திருந்தது.

எனக்கு இதில் ஒன்றுதான் உறுத்துகிறது. முயே போர்க்களத்தில் சோவ் மன்னர் வூ ஆற்றியதாகச் சொல்லப்படும் உரையில் தி ஷின்னின் குற்றங்கள் வருகின்றன. சுமா சியானும் ஷாங் மன்னர்களின் கொடுமைகளைச் சாங்கோபாங்கமாக எழுதுகிறார். முன்னோருக்கு மனிதர்களை வெட்டிப் படைத்தார்கள் என்ற குற்றச்சாட்டு மட்டும் இரண்டிலும் கிடையாது. நடக்காத மதுக்குளம் ஞாபகத்தில் இருந்தது. நடந்த 13,000 கொலைகள் மண்ணுக்குள்ளேயே இருந்தன, ஒரு விவசாயியின் மண்வெட்டி படும்வரை.

அந்தக் குழிகளில் கிடந்தவர்களின் எலும்புகளை ரசாயன முறையில் ஆராய்ந்து 2017ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் இல்லை. ஆனால் பிடித்துவந்த அன்றே கொல்லவும் இல்லை. சில வருடங்களாவது ஆன்யாங்கில் வைத்திருந்திருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் தின்ற தினையைத்தான் அவர்களும் தின்றார்கள், மாமிசம் மட்டும் குறைவு. வேலை வாங்கியிருப்பார்கள். தங்களை எண்ணி எண்ணிக் குறி கேட்டது அவர்கள் காதில் விழுந்திருக்குமா?

மன்னர் வூவின் அந்த உரை, தன்னோடு சேர்ந்து போரிட வந்திருக்கும் எட்டு இனங்களைப் பெயர் சொல்லி அழைக்கிறது. அதில் மூன்றாவது பெயர், சியாங்.